பசை காய்வதற்குள்

அந்த என்ஜினை மூட நான்கு கைகள் வேண்டும். இரண்டு கைகள் லேத்துவினுடையவை. மற்ற இரண்டும் அவளுடையவையாக இருந்திருக்க வேண்டும். அவள் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டதால், அந்த இடத்தில் அவளுடைய கணவன் நின்றான்.

"கையைக் காட்டுங்க தம்பி" என்றான் லேத்து.

காட்டினான். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணித் தரும் கைகள். லேத்து அவற்றைக் கத்தரிக்காய் வாங்குகிறவனைப் போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"மோதிரத்தைக் கழட்டிடுங்க. எதுலயாவது மாட்டினா விரலும் சேர்ந்து போயிடும்."

"பரவாயில்லை, இருக்கட்டும்."

"அவளே கழட்டிட்டுத்தான் வேலை பார்ப்பா."

கணவன் நிமிர்ந்தான். "கழட்டி எங்க வைப்பா?"

"என் சட்டைப் பையிலதான். அவ போடுற பேண்ட்ல எல்லா பாக்கெட்டும் ஓட்டை." மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொன்னவனைப் போல இதைச் சொல்லிவிட்டு, லேத்து திரும்பி ஒரு போல்ட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

இவன் மோதிரத்தைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான். அவளுடைய மோதிரம் இன்னொருவனின் நெஞ்சுக்குப் பக்கத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கிடந்திருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

லேத்து அவளுடைய அத்தை மகன். கடைசல் பட்டறையில் வேலை. அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் லேத்துதான். உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். முறைப்படி அவளைக் கட்டியிருக்கக்கூடியவன். கட்டவில்லை. நாற்பதை நெருங்கியும் வேறு யாரையும் கட்டவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, "முறையைப் பார்த்தா நாம அண்ணன் தம்பிதான்" என்றான். அன்றிலிருந்து 'தம்பி'. இவனும் வேறு வழியில்லாமல் 'அண்ணே' என்றான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சோற்றில் கல் கடிபட்டது போலிருக்கும்.

கார் அவளுடைய அப்பா வாங்கிப்போட்டது. தாழ்வான, இரண்டே கதவுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் பின்பக்கம். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லாத ரகம். ஒரு பெரிய விசிறி வீசும் காற்றிலேயே சூட்டைத் தணித்துக்கொள்ளும். பறக்கப் பிறந்த வண்டி, மாமியார் வீட்டுப் பின்பக்க ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில், நான்கு டயரும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. சீட்டுக்குள் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தின. அப்பா போனபிறகு கார் அவளுக்கு வந்தது. அவளும் லேத்துவும் சேர்ந்து என்ஜினை இறக்கினார்கள். கடைசி நட்டு வரை பிரித்தார்கள். பிரித்து முடித்த மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு என்ஜின் பெட்டி பெட்டியாக ஷெட்டில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இவன் சொல்லிப் பார்த்தான். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ பிரிச்சதை அப்படியே போட்டு வச்சா எனக்குச் சோறு இறங்காது மாப்பிள்ளை. சேர்த்துடுங்க. அப்புறம் வித்தாலும் சரி, ஆத்துல தள்ளினாலும் சரி."

'சேர்த்துடுங்க' என்றது லேத்துவிடம். மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக இவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

அவள் உயிரோடு இருந்தவரை இவன் அந்த ஷெட்டுக்குள் கால் வைத்ததில்லை. மருந்துக்கடைக்கு ஞாயிறு கிடையாது. இவன் கடையில் இருப்பான், அவள் அம்மா வீட்டுக்குப் போவாள், இரவு தலைமுடியில் பெட்ரோல் வாசனையோடு வருவாள். இப்போது இவன் வார விடுமுறையை ஞாயிறுக்கு மாற்றி வாங்கிக்கொண்டான். லேத்து தனியாக அந்த ஷெட்டில் இருப்பதை நினைத்தாலே இவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் தொட்ட சாமான்கள் அத்தனையும் அங்கே இருந்தன. எதை எந்தக் கையால் தொட்டாள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

ஷெட் சின்னது. தகரக் கூரை, ஒரே ஜன்னல், சுவரோரம் ஒரு நீளமான மர பெஞ்சு. பெஞ்சின் விளிம்பில் வரிசையாகச் சூட்டுத் தழும்புகள்.

"சிகரெட்டா?" என்று முதல் நாள் கேட்டான்.

"அவ சால்டரிங் இரும்பை வைக்கிற இடம். ஸ்டாண்டு வாங்கித் தந்தேன். அந்த ஸ்டாண்டுல டீ கிளாஸை வச்சா."

மாமியார் பின்கதவில் நின்று சிரித்தார். "டேய், அதைச் சொல்றியே, நீ மட்டும் என்ன? என் இட்டலித் துணியை எடுத்து கிரீஸ் துடைச்சவன்தானே."

"அது அவ எடுத்துக் கொடுத்தது அத்தை."

"செத்தவ மேல பழியைப் போடு. அவ வந்து இல்லைன்னு சொல்லப் போறாளா?"

இருவரும் சிரித்தார்கள். இவனும் உதட்டை இழுத்துக்கொண்டான். இவனுக்கும் அவர் அத்தைதான். அந்தச் சொல்லைக்கூடப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'டேய்' என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஐந்து வருடத்தில் இவனை யாரும் அந்த வீட்டில் டேய் என்று கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை, உட்காருங்க. மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடட்டுமா. செத்துப்போனவளைப் பற்றிக் கேலி பேசக்கூட இவனுக்கு உரிமை வரவில்லை.

"இவனும் அவளுமா ரெண்டும் உள்ள போனா வெளிய வராதுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். "சிரிப்புச் சத்தம் மட்டும்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்னா பாருங்க."

வீட்டில் அவள் அமைதியானவள். அப்படித்தான் இவன் நினைத்திருந்தான். இரவு சாப்பாட்டு மேசையில் உப்பு இருக்கா, சாவி எங்கே, நாளைக்கு மழையா என்பதற்கு மேல் பேச்சு போனதில்லை. அந்த அமைதி இவனுக்குப் பிடித்தும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்படி சிரித்த ஒருத்தியை இவன் பார்த்ததே இல்லை. இந்தத் தகரக் கூரைக்கு அடியில் வேறு யாரோ ஒருத்தி இருந்திருக்கிறாள்.

வேலை வாரக்கணக்கில் போனது. கழுவுவது, சுரண்டுவது, அளப்பது. அளப்பதில் இவனுக்குக் கை வந்தது. முடியளவு இடைவெளியைக்கூடப் பிடித்துவிடுவான். "நம்ம பட்டறைக்கு வந்துடுங்க தம்பி" என்றான் லேத்து, மனசாரவே சொன்னான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுப்பது சுலபம்.

சிலிண்டர்களைச் சுத்தம் செய்தபோதுதான் அந்தப் பெயர் விஷயம் வந்தது. ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மீன் செதில் போலத் தகடுகள், காற்றுப் போவதற்கு. தகடுகளின் நடுவே பல வருடத்து அழுக்கு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே லேத்து சொன்னான்:

"பெரியப்பாவை எடுங்க."

"யாரை?"

"ரெண்டாவது சிலிண்டர். எண்ணெய் குடிக்கும். அதனால பெரியப்பா." லேத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ வச்ச பேருதான். ஒண்ணு அத்தை. சட்டுனு சூடாயிடும். மூணு சித்தி, எப்பவும் ஒரு தட்டல் சத்தம். நாலு அவங்க காலேஜ் பிரின்சிபால். அஞ்சு அந்தச் சுவரைத் தட்டுற மனுஷன்."

"ஆறு?"

"நான்தான். என்ன செஞ்சாலும் திருந்தாதுன்னு."

இவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். கேட்கக்கூடாது என்று நினைத்தான். கேட்டான். "என் பேரு?"

லேத்து தலையைச் சொறிந்தான். "நீங்க இதுல இல்லை தம்பி. தகராறு பண்றதுக்குத்தான் பேரு."

ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இவன் அந்த ஆறு பேரையும் எண்ணிக்கொண்டே போனான். பெரியப்பாவுக்கு இடம் இருக்கிறது, பிரின்சிபாலுக்கு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூட இருக்கிறது. ஒரு என்ஜினுக்குள் ஊரே இருக்கிறது, தாலி கட்டியவனுக்கு மட்டும் இடமில்லை. தகராறு பண்ணியிருக்கலாமே என்று தோன்றியது.

அன்றுதான் அந்தக் கேள்வி இவனுக்குள் முழுசாக உருவானது. இருவருக்கும் நடுவில் என்ன இருந்தது? அவளிடம் கேட்டிருக்க முடியும், கேட்கவில்லை. இனி சொல்லக்கூடியவன் ஒருவன்தான். ஆனால் லேத்து வழுக்குகிறவன். பேச்சு கொஞ்சம் இறுகினால் ஏதாவது ஸ்பேனரைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அவன் வெளியே போக முடியாத நேரம் ஒன்று இருந்தது. அதையும் லேத்துவே சொல்லித் தந்தான்.

என்ஜினின் உடம்பு இரண்டு பாதிகள். கீழ்ப் பாதியைத் தாங்கியில் பொருத்தி, அதற்குள் கிராங்க் தண்டைக் கிடத்தி, விளிம்பெல்லாம் பசை தடவி, மேல் பாதியை இறக்கி மூட வேண்டும். தண்டிலிருந்து, பிஸ்டன்களை மாட்டுவதற்கான மூன்று கம்பிக் கைகள் மேல்நோக்கி நிற்கும். அவை சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மேல் பாதியின் ஓட்டைகள் வழியாக அவை சரியாக வெளியே வரும்படி இன்னொருவர் இறக்க வேண்டும்.

"ரப்பர் பேண்டு போட்டு ஒத்தை ஆளா மூடுறவனும் இருக்கான். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது" என்றான் லேத்து. "பசை தடவியாச்சுன்னா கால் மணி நேரம்தான். அதுக்குள்ள மூடி முறுக்கிடணும். வீடு பத்திக்கிட்டாலும் நகரக்கூடாது."

இன்னொன்றும் இருந்தது. சொல்லிச் சொல்லி வைப்பது அவர்கள் வழக்கம். வைக்கிறவர் சாமானின் பெயரைச் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் அது உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்து 'ஆச்சு' என்பார். ஆச்சு வராமல் அடுத்ததைத் தொடக்கூடாது. அவள் ஏற்படுத்திய முறை. அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் இவனுக்கு அவளுடைய செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

அந்த ஞாயிறு வந்தது. மோதிரம் பையில். கைகள் கழுவி, துடைத்து, தயார்.

"நடு பேரிங்."

"ஆச்சு."

"செயின் ரெண்டும்."

"ஆச்சு."

"ஆயில் பம்ப்."

"ஆச்சு."

லேத்து பசையைத் திறந்தான். மெல்லிய பிரஷ்ஷால் விளிம்பில் தடவிக்கொண்டே போனான். கண்ணுக்கு மை தீட்டுகிறவளைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு தடவினான். பாதி விளிம்பு பளபளத்ததும் இவன் கேட்டான்.

"அண்ணே, உங்களுக்கும் அவளுக்கும் என்ன இருந்துச்சு?"

பிரஷ் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

"இப்பவா கேக்கணும்?"

"இப்பதான் நீங்க எங்கயும் போக முடியாது."

லேத்து சத்தமில்லாமல் சிரித்தான். "மருந்துக்கடைக்காரர்னு நினைச்சேன். நீங்க போலீசுக்குப் போயிருக்கணும்."

"சொல்லுங்க."

"கட்டிக்கிறியான்னு கேட்டேன்." பிரஷ் மூலைக்குப் போய்த் திரும்பியது. "நீங்க வர்றதுக்கு முன்னாடி. இதே ஷெட்டுல, மாமா இருந்த காலத்துல. அவ கையில கார்புரேட்டர் இருந்துச்சு."

"என்ன சொன்னா?"

"பசை முடிஞ்சுது. தூக்கணும். அந்த மூணையும் பிடிங்க."

மேல் பாதி இறங்கியது. இவன் ஓட்டைகள் வழியாக விரல்களை விட்டு மூன்று கம்பிக் கைகளையும் நேராகப் பிடித்தான். லேத்துவின் முகம் இவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். அவன் நெற்றி நரம்பு துடிப்பது தெரிந்தது.

"என்ன சொன்னா அண்ணே?"

"சிரிச்சா. நடுவுல இருக்கறது சாயுது, பாருங்க."

"அப்புறம்?"

"'கேட்டது போதும், அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு'ன்னா. எடுத்துக் கொடுத்தேன். விடுங்க, மெதுவா விடுங்க."

இரண்டு பாதிகளும் ஒன்றோடு ஒன்று உட்கார்ந்தன. கனமான புத்தகத்தை மூடும் சத்தம். லேத்து நீளமான போல்ட்டுகளைச் செருகி, குறுக்கும் நெடுக்குமாக முறுக்க ஆரம்பித்தான்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் ஸ்பேனர்தான் எடுத்துக் கொடுத்துட்டு இருந்தேன். போதுமா?" நட்டைப் பார்த்தபடியே சொன்னான். குரல் தட்டையாக இருந்தது. "கடைசி வரைக்கும் அவ்வளவுதான். உங்களுக்குத் துரோகம் எதுவும் இல்லை. தூங்குங்க."

இவனுக்கு நிம்மதி வர வேண்டும். இதைக் கேட்கத்தானே இத்தனை வாரம். நிம்மதி வரவில்லை. தான் வேண்டாம் என்று தள்ளியவனோடு அவளால் அவ்வளவு சிரிக்க முடிந்திருக்கிறது. வேண்டும் என்று வந்தவனிடம் உப்பு இருக்கா என்று கேட்டிருக்கிறாள். அவன் கேட்டதையும், தான் சிரித்ததையும் அவள் ஒருநாளும் இவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றாத அளவுக்கு அது அவர்களுடையதாக இருந்திருக்கிறது. துரோகம் ஏதாவது இருந்திருந்தால்கூடக் கோபப்பட்டுத் தீர்த்திருக்கலாம். இதை என்ன செய்வது?

கடைசி நட்டும் இறுகியது. லேத்து முறுக்குக் கோலை வைத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். எதைத் துடைத்தான் என்று இவன் பார்க்கவில்லை. "கையைக் கழுவிட்டு வரேன்" என்று பின்பக்கக் குழாய்க்குப் போனான்.

இவன் பெஞ்சின் மேலிருந்த தட்டைப் பார்த்தான்.

தட்டில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. காலையில் இவனே துடைத்து வைத்தது. இரு பாதிகளும் சேரும் இடத்தில், எண்ணெய் கடந்து போகும் துவாரத்தைச் சுற்றி உட்கார வேண்டியது. பசை தடவியதும் அதை வைத்திருக்க வேண்டும். வைப்பதற்கு முன் லேத்து அதன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் இவன் வேறு பேச்சை எடுத்தான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இவனுக்கு இப்போது தெரியும். என்ஜின் ஓடும். முதல் நாள் ஓடும், முதல் மாதமும் ஓடலாம். உள்ளுக்குள் எண்ணெய் வழி தவறிக் கசிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஏதோ ஒரு சாலையில் பேரிங் வறண்டு, தட்டி, உடைந்து நிற்கும். லேத்து கட்டிய என்ஜின் வெடித்துவிட்டது என்று ஊர் சொல்லும். அவளோடு சேர்ந்து பிரித்ததைச் சேர்க்கத் தெரியாதவன் என்று சொல்லும். இவனை யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இவன் மாத்திரை எண்ணுகிறவன்.

வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். அழுத்தி மூடினான்.

மாமியார் டீயோடு வந்தார். லேத்து ஈரக் கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தான்.

"முடிஞ்சுதாடா?"

"மூடியாச்சு அத்தை. பெரிய கண்டம் தாண்டியாச்சு."

மாமியார் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார், தூங்குகிற பிள்ளையைத் தொடுவது போல. பிறகு, "இனிமே?" என்றார்.

"இனிமே சிலிண்டர், ஹெட்டு, விசிறி. ஒத்தை ஆள் வேலைதான், நானே பார்த்துக்குவேன். தம்பிக்கு விடுதலை. பாவம், எத்தனை ஞாயிறு நம்மகூட மல்லுக்கட்டினார்." லேத்து இவன் பக்கம் திரும்பினான். "அடுத்த வாரத்துல இருந்து நீங்க கடையைப் பாருங்க தம்பி."

இவன் டீயை ஒரு வாய் குடித்தான். சுட்டது.

அடுத்த ஞாயிறு கடையில் நிற்பான். இருமல் மருந்து கேட்பார்கள், தருவான். இங்கே லேத்து ஆறு சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாட்டுவான். மாமியார் கதவில் நின்று டேய் என்பார். அவன் ஏதாவது சொல்வான், அவர் சிரிப்பார். அந்தப் பேச்சில் அவள் வருவாள், போவாள். இவன் இதுவரை கேட்டதெல்லாம் சில்லறை. பேண்ட் ஓட்டை, டீ கிளாஸ், பெரியப்பா. லேத்துவிடம் இன்னும் வருடக்கணக்கில் அவள் இருக்கிறாள். சின்னப் பெண்ணாக, ரெட்டைப் பின்னலோடு, கார்புரேட்டரோடு. அத்தனையையும் அவன் தனியாக வைத்துக்கொள்ளப் போகிறான்.

அதை மட்டும் இவனால் தாங்க முடியாது என்று தெரிந்தது.

கையை விரித்து நீட்டினான். "அண்ணே, இதுக்கு ஆச்சு சொல்லலை."

லேத்து பார்த்தான். டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னடா அது?" என்றார் மாமியார்.

"என் தலையெழுத்து அத்தை." பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் வாயிலிருந்து வரிசையாக மூன்று வார்த்தைகள் வந்தன. மாமியார் இருப்பதை மறந்துவிட்டான். மாமியாரும் காதில் விழாதது போல ஜன்னலைப் பார்த்தார்.

"எப்ப பார்த்தீங்க?"

"இப்பதான்."

லேத்து வளையத்தை எடுத்தான். அது இருந்த இடத்தில், இவன் உள்ளங்கையில், சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது. லேத்து அந்த வட்டத்தைப் பார்த்தான். இவன் முகத்தைப் பார்த்தான். முறுக்குக் கோலை எடுத்து இவனிடம் நீட்டினான்.

"பசை இன்னும் முழுசா இறுகலை. இப்பவே பிரிக்கணும். பிரிச்சுட்டு, ஒட்டினதெல்லாம் நகத்தால சுரண்டற மாதிரி சுரண்டணும். இரும்பு படக்கூடாது. ஒரு கீறல் விழுந்தா ஒழுகும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரமா? இன்னிக்கு பூரா. அடுத்த வாரமும் வரணும். தண்டை வெளிய எடுத்துக் கழுவி மறுபடி முதல்ல இருந்து. நாலு கை இல்லாம ஆகாது."

"வரேன்" என்றான்.

நட்டுகளைக் கழற்றினார்கள். மேல் பாதியைத் தூக்கியபோது பசை விட மனசில்லாமல் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. இருவருக்கும் ஆளுக்கொரு மரச் சீவல். மாமியார் ஆறிப்போன டீயைச் சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனார். இவன் ஸ்டூலை இழுத்து லேத்துவுக்கு எதிரில் போட்டுக்கொண்டு, விளிம்பின் ஒரு முனையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தான்.

"அண்ணே."

"ம்."

"அவ சிரிச்சான்னீங்களே. எப்படிச் சிரிச்சா?"

லேத்துவின் சீவல் நின்றது. "விடமாட்டீங்களா?"

"விடமாட்டேன்."

லேத்து சீவலில் ஒட்டிய பசையைத் துணியில் துடைத்தான். பிறகு, "அன்னிக்கு நல்ல மழை. தகரத்துல விழுற சத்தத்துல நான் கேட்டதே அவளுக்குச் சரியாக் கேக்கலை" என்று ஆரம்பித்தான்.

"அங்க இருந்து வேணாம்" என்றான் இவன், பசையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளுக்கு முதல்முதல்ல ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கொடுத்தது யாரு, அங்க இருந்து சொல்லுங்க."